பழைய லேத்தும் வீட்டுப் பட்டறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் பதினொரு வருடமாகக் கார் நிற்பதில்லை. ஒரு நாலரை அடி லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின்), ஒரு பில்லர் டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர், வைஸ் பூட்டிய ஒரு மர மேஜை, இவ்வளவுதான் அங்கே இருக்கிறது. லேத் பஞ்சாபில் பட்டாலாவில் வார்த்தது, என்னைவிட நாலைந்து வயது மூத்தது. வாரநாளில் பீன்யா தொழிற்பேட்டையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை இந்த ஷெட். எட்டிப் பார்க்கிறவர்களும், 'நானும் ஒன்று வாங்கலாமா' என்று போன் செய்கிறவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். பதில்களை ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பெங்களூரில் பழைய மெஷின் இவ்வளவு கிடைப்பது ஏன்? எங்கே தேடுவது?

ஊரின் ஜாதகம் அப்படி. லேத் போன்ற மெஷின் டூல்களைச் செய்த அரசு கம்பெனி எச்.எம்.டி. 1953இல் ஜாலஹள்ளியில் தொடங்கியது. பாரத் ஃபிரிட்ஸ் வெர்னர் என்ற இன்னொரு மெஷின் டூல் கம்பெனி 1961இல் வந்தது. மெஷின் டூல் ஆராய்ச்சிக்கென்றே துமகூரு சாலையில் ஓர் அரசு நிறுவனம் 1962இல் வந்தது. வடமேற்கே தள்ளி ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர் 1941 முதலே லேத் செய்தது. இவற்றைச் சுற்றி ராஜாஜிநகர், காமாட்சிபாளையா, பீன்யா என்று ஆயிரக்கணக்கில் சின்னப் பட்டறைகள் முளைத்தன. இப்போது அந்தப் பட்டறைகள் கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மெஷினுக்கு மாறும்போதும், முதலாளிக்கு வயதாகிப் பிள்ளைகள் ஐ.டி.க்குப் போய்விடும்போதும் கை லேத் வெளியே வருகிறது.

தேட வேண்டிய இடம், மூடப்போகிற பட்டறை. குஜரி (பழைய இரும்பு) கடைக்கு வந்துவிட்ட மெஷினில் மரை வெட்ட மாற்றிப் போடும் சேஞ்ச் கியர், நீளக் கம்பியைத் தாங்கும் ஸ்டெடி, கம்பியைப் பிடித்துச் சுழலும் சக்கில் இரண்டாவது எல்லாம் தனித்தனியாக விலை போயிருக்கும். பட்டறையிலேயே வாங்கினால் மூலையில் கிடக்கும் துருப்பிடித்த டப்பாவும் சேர்ந்து வரும். அந்த டப்பாதான் லாபம். டீக்கடையில் விசாரியுங்கள். பீன்யா டீக்கடைகளுக்குத் தெரியாத ஏலம் கிடையாது.

பார்க்கப் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் ஒரு டயல் கேஜ், மேக்னடிக் ஸ்டாண்ட், டார்ச், பழைய துணி, ஒரு சின்ன பாட்டிலில் மண்ணெண்ணெய், இரண்டடி நீள மர ரீப்பர். பணத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், ஆசை கண்ணை மறைக்கும்.

முதலில் சக்கைக் கழற்றச் சொல்லுங்கள். டயலைச் சக்கின் மேல் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, அது சக்கின் தேய்மானத்தைத்தான் காட்டும். சக் மாட்டும் சுழல்தண்டான ஸ்பிண்டிலின் உள் டேப்பரை (சரிவான துளையை) மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அதற்குள் டயல் முனையை வைத்து ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள். முள் ஒரு கோட்டுக்குள், அதாவது 0.01 மி.மீ.க்குள் ஆடினால் நல்ல மெஷின். அடுத்து டயலை ஸ்பிண்டில் மூக்கின் தலையில் வைத்து, ரீப்பரைக் கீழே கொடுத்து நெம்புங்கள். மூன்று கோட்டுக்கு மேல் எழும்பினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. தளர்ந்த பேரிங்கை இறுக்கிவிடலாம். தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது என்பதால், விலையைக் குறைத்துக் கேட்க இது நல்ல இடம்.

பிறகு சேடில், அதாவது டூலைச் சுமந்து பெட் என்ற நீளத் தண்டவாளத்தின் மேல் ஓடும் பகுதி. சக்குக்குப் பக்கத்தில் சேடிலைக் கொண்டுவந்து, அதன் லாக் போல்ட்டை லேசாக உரசும் அளவு மட்டும் இறுக்குங்கள். இப்போது கைச்சக்கரத்தைச் சுற்றி, எதிர் முனையில் கம்பியைத் தாங்கும் டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டுங்கள். கடைசிவரை ஒரே இறுக்கத்தில் போனால் பெட் நன்றாக இருக்கிறது. பாதி வழியில் கல்லாக நின்றுவிட்டால் சக் பக்கம் பெட் தேய்ந்து பள்ளமாகியிருக்கிறது. எல்லாப் பழைய லேத்திலும் முதல் ஒரு அடி கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும், ஏனென்றால் நூற்றுக்குத் தொண்ணூறு வேலை அந்த ஒரு அடியில்தான் நடக்கிறது. அதனால் 'தேய்ந்திருக்கிறதா' என்று கேட்காமல் 'எவ்வளவு' என்று கேட்கப் பழகுங்கள்.

கடைசியாக எல்லா ஸ்பீடிலும் ஓட்டிக் காது கொடுத்துக் கேளுங்கள். டக் டக் என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் கியரில் ஒரு பல் போயிருக்கும். வார்ப்பில் பித்தளை நிறக் கோடு ஓடினால் உடைந்து ஒட்டியது. புதுப் பெயிண்ட் பளபளக்கும் மெஷினைவிட எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய மெஷினை நம்புங்கள். பிசுக்கு இருந்தால் யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

மாடியில் வைக்கலாமா?

வேண்டாம். குடியிருப்பு வீட்டுத் தளத்துக்கு நம் நாட்டு விதிப்படி கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. லேத்தின் கால்கள் அரைச் சதுர மீட்டரில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கை இறக்கும். எடை தாங்கினாலும், அதிர்வு கீழ்வீட்டுக்காரர் தலைமேல் இறங்கும்.

ஷெட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது?

டெயில்ஸ்டாக்கைக் கழற்றித் தனியாக வையுங்கள். சேடிலை டெயில்ஸ்டாக் முனை வரை தள்ளி இறுக்கினால் எடை ஓரளவு சமமாகும். ஸ்பிண்டிலும் கியரும் இருக்கும் ஹெட்ஸ்டாக் பக்கம் எப்போதுமே கனம், தலைகனத்தில் கவிழும். பெல்ட் போட்டுத் தூக்கும்போது சேடிலை ஓட்ட முன்பக்கம் நீளமாக ஓடும் லீட் ஸ்க்ரூவையும் ஃபீட் ராடையும் சேர்த்துச் சுற்றாதீர்கள், ஒரே தூக்கில் வளைந்துவிடும். தரைக்கு வந்த பின் கீழே கனமான மரச் சட்டம் போல்ட் செய்து, இரும்புப் பைப் மூன்றை உருளையாகப் போட்டு, கடப்பாரையால் நெம்பி நகர்த்தலாம். கல்யாண மண்டபத்தில் பீரோ நகர்த்துவதைப் போல நாலு பேர் 'ஐலேசா' போட வேண்டாம். ஒரு ஆள் நெம்ப, ஒரு ஆள் பைப் மாற்ற, மற்றவர்கள் தள்ளி நிற்பதுதான் சரி.

முழுக்கத் துரு. என்ன செய்வது?

எமரி காகிதத்தைத் தூரமாக எறியுங்கள். பெட்டில் எமரி தேய்த்தால் துருவோடு அளவும் போகும், உதிரும் மணல் சேடிலுக்கு அடியில் புகுந்து நாள் முழுக்க அரைக்கும். பெட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு இரவு விட்டு, பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சீவுங்கள். துரு பொருக்காகக் கிளம்பும். மீதிக்கு எண்ணெய் நனைத்த மெல்லிய ஸ்டீல் வுல். கறுப்புத் தழும்பு மிஞ்சினால் மிஞ்சட்டும். அது அளவை ஒன்றும் செய்யாது, அந்தச் சின்னக் குழிகளில் எண்ணெய்கூட நிற்கும்.

கைப்பிடி, பிராக்கெட், சேஞ்ச் கியர் போன்ற கழற்றிய சாமான்களுக்கு பேட்டரி சார்ஜரும் சலவை சோடாவும் போதும். பிளாஸ்டிக் வாளியில் ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு பெரிய ஸ்பூன் சலவை சோடா கரைத்து, துருப்பிடித்த சாமானை நெகட்டிவ்விலும் ஒரு சாதா இரும்புத் துண்டைப் பாசிட்டிவ்விலும் மாட்டுங்கள், இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. பாசிட்டிவ்வில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவே கூடாது, அதிலிருக்கும் குரோமியம் நச்சாகக் கரைந்து வரும். ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால் வாளி வெளியில், காற்றோட்டத்தில் இருக்கட்டும். ஸ்பிரிங், பேரிங் இரண்டையும் இந்த வாளியில் போடாதீர்கள்.

துரு எடுத்த இரும்பு அரை மணியில் மறுபடி சிவக்கும். காய வைத்த கையோடு எண்ணெய் பூசிவிட வேண்டும்.

டூல் பெட்டிக்குள் கற்பூரம் போட்டு வைப்பது பழைய கடைசல்காரர்களின் வழக்கம். நானும் போடுகிறேன். ஜூனில் தொடங்கி நவம்பர் வரை இந்த ஊரில் மழை ஓயாது. மைக்ரோமீட்டர் பெட்டியில் இதுவரை துரு இல்லை, திறந்தால் கோயில் வாசனை. ஆனாலும் எண்ணெய்த் துணிக்குப் பதில் கற்பூரம் என்று நினைத்துவிட வேண்டாம்.

எந்த எண்ணெய்? வண்டிக்கு வாங்கிய என்ஜின் ஆயில் மிச்சம் இருக்கிறதே?

மிச்சம் இருக்கட்டும். என்ஜின் ஆயிலில் அழுக்கை அடியில் தங்கவிடாமல் மிதக்க வைக்கும் மருந்து கலந்திருக்கிறது. வண்டியில் ஃபில்டர் அந்த அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். நம் ஹெட்ஸ்டாக்கில் ஃபில்டர் ஏது? அழுக்கு அடியில் படிவதுதான் நமக்கு நல்லது. கியர் ஹெட்ஸ்டாக் என்றால் பெரும்பாலும் 46 அல்லது 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில். மெஷினின் தகட்டிலோ புத்தகத்திலோ வேறு எழுதியிருந்தால் அதுவே சரி. பெட்டுக்கும் ஸ்லைடுகளுக்கும் 68 நம்பர் ஸ்லைடுவே ஆயில். அது கொஞ்சம் பிசுபிசுப்பாக ஒட்டி நிற்கும், வழிந்து ஓடாது. ஸ்பிண்டில் வெண்கல புஷ்ஷில் ஓடும் பழைய மெஷின் என்றால் மெல்லிய ஸ்பிண்டில் ஆயில்தான், கிரீஸ் தொடக் கூடாது. பெட்டிலும் கிரீஸ் பூசாதீர்கள். இரும்புத் தூளும் கிரீஸும் சேர்ந்தால் அரைக்கும் பசை.

தேங்காய் எண்ணெயைப் பற்றியும் கேட்கிறார்கள். துளைக்குள் மரை வெட்ட டேப் போடும்போது நாலு சொட்டு விட்டால் நன்றாகவே வேலை செய்கிறது, வாசனையும் நன்று. மெஷினுக்குள் ஊற்றாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், பெங்களூரு மார்கழிக் காலையில் எண்ணெய்க் குழாய் வெள்ளையாக அடைத்துக்கொண்டு நிற்கும். நாளடைவில் பிசினாகவும் ஆகும். அலுமினியம் கடைய மண்ணெண்ணெய் போதும். பித்தளையையும் வார்ப்பிரும்பையும் அப்படியே கடையலாம்.

கடைந்தால் டேப்பர் வருகிறது. பெட் போய்விட்டதா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். நானே பெட்டைக் கிரைண்டிங்குக்கு அனுப்ப வண்டி பேசிய ஆள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

என் லேத் வந்த புதிதில் 150 மி.மீ. நீளத்துக்கு 0.08 மி.மீ. டேப்பர். சக் பக்கம் சின்னது, வெளி முனை பெரியது. எங்கள் தெருவில் ரிட்டையர்ட் ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார், நாற்பது வருடம் ஃபாக்டரியில் மெஷின் நிறுத்தியவர். வந்து பார்த்தார். டயலைக் கேட்கவில்லை, மைக்ரோமீட்டரைக் கேட்கவில்லை. குந்தி உட்கார்ந்து டெயில்ஸ்டாக் பக்கத்து முன் காலுக்கு அடியில் விரல் விட்டார். பழைய முதலாளி மடித்துச் செருகியிருந்த தகரம் துருப்பிடித்துப் பப்படமாக நொறுங்கிக் கையோடு வந்தது.

"தம்பி, பெட்டக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி காலப் பாருப்பா."

பெட் என்பது பார்க்கத்தான் இரும்பு. ஒரு கால் மயிரிழை தாழ்ந்தாலும் முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் சேடில் போகப் போக டூல் மையத்தைவிட்டு விலகும், அல்லது நெருங்கும். அதுதான் டேப்பர்.

சோதிப்பது இப்படி. 25 மி.மீ.க்குக் குறையாத ஒரு கம்பியைச் சக்கில் பிடித்து 150 மி.மீ. வெளியே நீட்டுங்கள். டெயில்ஸ்டாக் கொடுக்க வேண்டாம். நடுப்பகுதியைக் கொஞ்சம் குறைத்துக் கடைந்து, இரண்டு முனையிலும் வளையம் மாதிரி கொஞ்சம் விட்டுவிடுங்கள். நன்றாகத் தீட்டிய டூலால், டூலை உள்ளும் வெளியும் நகர்த்தும் கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், இரண்டு வளையத்தையும் ஒரே வெட்டில் மெல்லியதாகக் கடைந்து மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். வெளி முனை பெரிதாக இருந்தால் டெயில்ஸ்டாக் பக்கத்து முன் காலை உயர்த்துங்கள். பெட் பின்னால் சாய, டூல் மையத்தை நோக்கி நகரும். வெளி முனை சின்னதாக இருந்தால் அதே காலைத் தாழ்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் போல்ட்டை முழுக்க இறுக்கிய பின்தான் மறுபடி கடைய வேண்டும். எனக்கு ஏழு தடவை பிடித்தது, 0.015இல் நிறுத்தினேன். அதற்குக் கீழே என் மைக்ரோமீட்டரை நானே நம்புவதில்லை.

மாஸ்டர் லெவல் கிடைத்தால் வேலை சுருக்கம். மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் லெவல் வேண்டும், கொத்தனார் ரசமட்டம் இதற்கு உதவாது. கிராஸ் ஸ்லைடின் மேல் குறுக்காக வைத்து, ஹெட்ஸ்டாக் பக்கமும் டெயில்ஸ்டாக் பக்கமும் குமிழி ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். குமிழி நடுவில் நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை, இரண்டு இடத்திலும் ஒன்றுபோல நின்றால் போதும். கப்பலுக்குள்ளும் லேத் ஓடுகிறது, அங்கே மட்டம் ஏது?

டெயில்ஸ்டாக் கொடுத்துக் கடையும்போது மட்டும் டேப்பர் வந்தால் கதை வேறு. டெயில்ஸ்டாக் பக்கவாட்டில் விலகியிருக்கிறது, அதன் பக்க ஸ்க்ரூவைத் திருகிச் சரி செய்யுங்கள். இதெல்லாம் பார்த்த பிறகும், சக்குக்குப் பக்கத்தில் மட்டும் அளவு மாறி, தள்ளிப் போனால் சீராக வந்தால், அப்போதுதான் அது பெட் தேய்மானம். லேத்தைச் சோதிக்கும் இந்த முறைகளை ஒழுங்காக வகுத்து எண்களோடு வைத்தவர் கியோர்க் ஷ்லெசிங்கர் என்ற ஜெர்மன் பேராசிரியர், 1927இல். ஃபாக்டரிகளில் இன்றும் அந்த வழியில்தான் போகிறார்கள்.

அப்படியென்றால் பெட்டைக் கிரைண்ட் செய்வதே இல்லையா?

செய்யலாம். ஆனால் பெட்டில் 0.3 மி.மீ. எடுத்தால் சேடில் அவ்வளவு கீழே இறங்கும். அதன் முன்னால் தொங்கும் ஏப்ரன் இறங்கும், லீட் ஸ்க்ரூ அதைக் கவ்வும் ஹாஃப் நட்டில் நேராக உட்காராது, டெயில்ஸ்டாக் மையமும் தாழும். சேடிலுக்கு அடியில் டர்சைட் என்ற வழுக்கும் பிளாஸ்டிக் பட்டை ஒட்டி உயரத்தை மீட்டு, அதைக் கையால் சுரண்டி பெட்டோடு பொருத்த வேண்டும். பீன்யாவில் செய்வார்கள், நன்றாகவும் செய்வார்கள். செலவு லேத் வாங்கிய விலையைத் தாண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பட்டறைக்குத் தேவைப்படாது என்பது என் எண்ணம். கடைசலில் குட்டை வேலைதானே அதிகம்.

கிராஸ் ஸ்லைடில் அரைச் சுற்று சும்மா சுற்றுகிறது. பேக்லாஷை எப்படிப் போக்குவது?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பேக்லாஷ் இருந்தாலும் அளவு பிசகாமல் கடையலாம், எப்போதும் ஒரே திசையில் வந்து அளவை நிறுத்தினால் போதும். தாண்டிப் போனால் ஒரு முழுச் சுற்று பின்னால் எடுத்து மறுபடி வாருங்கள். புது மெஷினிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

அரைச் சுற்று என்பது கொஞ்சம் அதிகம்தான். கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் காலரை முதலில் இறுக்கிப் பாருங்கள், பாதி அங்கேயே போய்விடும். மீதி வெண்கல நட்டில். நட்டைப் புதிதாகச் செய்து மாற்றலாம், ஸ்க்ரூவின் நடுப்பகுதி மெலிந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். கிப்பை இறுக்கிப் பேக்லாஷைப் போக்கலாம் என்று நினைக்காதீர்கள், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. கிப் ஸ்லைடு பக்கவாட்டில் ஆடாமல் பிடிப்பது. கைப்பிடியை இரண்டு விரலால் சுற்ற முடிய வேண்டும், ஆனால் ஸ்லைடை ஆட்டிப் பார்த்தால் அசையக் கூடாது. அந்த இறுக்கம் கைக்குப் பழக நாலு ஞாயிறு ஆகும்.

மெஷின் த்ரீ ஃபேஸ், வீட்டில் சிங்கிள் ஃபேஸ். மோட்டாரை மாற்றவா, வி.எஃப்.டி. போடவா?

வி.எஃப்.டி. போடுங்கள். வீட்டு சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக்கி, மோட்டார் வேகத்தையும் மாற்றும் பெட்டி அது; டிரைவ் என்றாலும் அதுதான். பழைய லேத்துக்குச் செய்யும் மாற்றங்களில் இது ஒன்றுதான் காசுக்கு முழுசாகப் பலன் தரும். ஸ்பீடைத் திருகி மாற்றலாம், மெதுவாகக் கிளம்பும், தெருவில் லைட் மங்காது. எஸ்.பி. ரோட்டில் தேடினால் வேண்டிய அளவில் கிடைக்கும்.

இடறும் இடம் மோட்டார். நம் ஊரில் 3 எச்.பி. வரையிலான மோட்டார்கள் பொதுவாக 415 வோல்ட்டுக்கு ஸ்டாராக (மூன்று சுருளின் ஒரு முனையை ஒன்றாக முடிச்சிட்டு) இணைத்து வருகின்றன. சிங்கிள் ஃபேஸ் வி.எஃப்.டி. 230 வோல்ட்டுக்கு மேல் தராது. அதனால் மோட்டாரின் மூன்று சுருளையும் டெல்டாவாக (முக்கோணமாக) மாற்ற வேண்டும். அப்போது அதே மோட்டார் 240 வோல்ட்டில் முழு பலத்தோடு ஓடும், ஆம்பியர் மட்டும் 1.73 மடங்காகும். டெர்மினல் பெட்டியில் ஆறு முனை இருந்தால் தகடு மூன்றையும் இடம் மாற்றினால் முடிந்தது. மூன்று முனைதான் இருக்கிறது என்றால் ஸ்டார் முடிச்சு உள்ளே புதைந்திருக்கிறது. மோட்டாரைத் திறந்து முடிச்சைப் பிரித்து ஆறு வயரையும் வெளியே எடுக்க வேண்டும். 5 எச்.பி. மோட்டார்கள் 415க்கே டெல்டாவாக வருவதால் இந்த வித்தை அங்கே செல்லாது.

என் மோட்டாரை ஒரு ரீவைண்டிங் கடையில் கொடுத்தேன். ஆறு வயர் எடுத்து டெல்டா போட்டுத் தந்தார்கள். வீட்டில் மாட்டினால் 'உம்ம்' என்று உறுமிவிட்டு டிரைவ் ஓவர் கரண்ட் காட்டி அணைகிறது. மூன்று நாள் டிரைவைத் திட்டினேன், செட்டிங் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் மூன்று சுருளில் ஒன்றின் தலையும் வாலும் மாறியிருந்தது. அந்த ஒரு சுருளின் இரண்டு வயரை மட்டும் இடம் மாற்றியதும் பூனை மாதிரி ஓடியது. ஆகவே வாங்கும்போதே முனைகளுக்கு எண் எழுதிய டேக் கேளுங்கள்.

டிரைவை மோட்டாரைவிட ஒரு படி பெரிதாக வாங்குங்கள். 2 எச்.பி. மோட்டாருக்கு 2.2 கிலோவாட் டிரைவ் தாராளம். செட்டிங்கில் மோட்டார் வோல்ட்டை 240 என்றும், டெல்டா ஆம்பியரையும் மறக்காமல் போடுங்கள். கிளம்பவும் நிற்கவும் நாலைந்து செகண்ட் கொடுங்கள். ஆன், ஆஃப் எல்லாம் டிரைவின் கண்ட்ரோல் டெர்மினல் வழியாகத்தான். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் பழைய ஸ்டார்ட்டரை விட்டுவைக்காதீர்கள். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெகுநேரம் ஓட்டினால் மோட்டார் விசிறி போதாமல் சூடேறும், கனமான வெட்டுக்கு முன்புபோல் பெல்ட்டை மாற்றிக்கொள்வதே நல்லது. எர்த் சரியாக இல்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். டிரைவை அணைத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் நிற்கும், மூடியைத் திறக்குமுன் பத்து நிமிடம் பொறுங்கள். இரும்புத் தூள் பறக்கும் இடம் என்பதால் டிரைவ் பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. சக் மரையில் திருகி உட்காரும் மெஷினில் டிரைவை வைத்துச் சட்டென்று பிரேக் போட்டாலோ, ரிவர்ஸில் சட்டென்று கிளப்பினாலோ சக் கழன்று உருண்டு வரும். பழைய வார்ப்பிரும்புச் சக்கை அதில் பொறித்த வேகத்துக்கு மேல் சுற்றாதீர்கள். திருகினால் 80 ஹெர்ட்ஸ் வரும் என்பதற்காகத் திருக வேண்டியதில்லை.

ஸ்லைடின் இடத்தை எண்ணாகக் காட்டும் டி.ஆர்.ஓ. போடலாமா?

போடலாம், ஆனால் எதையும் சரி செய்யாத மெஷினுக்கு டி.ஆர்.ஓ. போடுவது காய்ச்சல்காரனுக்குப் புதுத் தெர்மாமீட்டர் வாங்கித் தருவதுதான். கால், கிப், டெயில்ஸ்டாக் எல்லாம் ஒழுங்கான பிறகு போட்டால் அருமையான சாமான். பேக்லாஷ் கவலை போய்விடும், ஸ்லைடு எங்கே நிற்கிறது என்று ஸ்கேல் நேரடியாகச் சொல்கிறது. கிராஸ் ஸ்லைடுக்கு மட்டும் முதலில் போடுங்கள், ஸ்கேலை இரும்புச் சுருளும் எண்ணெயும் படாத பக்கம் மூடி போட்டு வையுங்கள்.

என்னைக் கேட்டால் அதற்கு முன் நல்ல குவிக் சேஞ்ச் டூல் போஸ்ட் வாங்குவேன். டூலுக்கு அடியில் தகடு வைத்து உயரம் பார்க்கும் தொல்லை விட்டது. உயரம் சரியா என்று பார்க்க, ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலைக் கம்பிக்கும் டூல் முனைக்கும் நடுவில் லேசாக நசுக்குங்கள். ஸ்கேலின் தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. நேராக நின்றால் மையம்.

கார்பைடு டூல் நல்லதா, ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) நல்லதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மைல்ட் ஸ்டீலை ஹெச்.எஸ்.எஸ். டூலால் கடைய நிமிடத்துக்குச் சுமார் 30 மீட்டர் வேகம். 25 மி.மீ. கம்பிக்கு அது ஏறக்குறைய 380 ஆர்.பி.எம். கார்பைடு குணம் காட்ட 100 மீட்டருக்கு மேல் வேண்டும், அதே கம்பிக்கு 1,270 சுற்று. என் லேத்தின் உச்ச வேகமே அறுநூற்றுச் சொச்சம். ஆகவே இந்த மாதிரி லேத்துக்கு ஹெச்.எஸ்.எஸ்.தான் சரி, தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள். கிரைண்டரில் டூல் ரெஸ்டுக்கும் கல்லுக்கும் இடையே 3 மி.மீ.க்கு மேல் சந்து விடாதீர்கள், அந்தக் கல்லில் அலுமினியத்தைக் காட்டாதீர்கள்.

லீட் ஸ்க்ரூ இன்ச் கணக்கு. மெட்ரிக் மரை போட முடியுமா?

127 பல் கியர் ஒன்று இருந்தால் துல்லியமாக முடியும். ஒரு அங்குலம் 25.4 மி.மீ., அதை ஐந்தால் பெருக்கினால் 127, இவ்வளவுதான் ரகசியம். பெரிய கியருக்கு இடமில்லாவிட்டால் 63 பல் கியரும் 80 பல் கியரும் சேர்த்து ஓட்டுங்கள். பிழை எட்டாயிரத்தில் ஒரு பங்கு, சாதாரண நட்டு போல்ட்டுக்கு அது தெரியவே தெரியாது. வேலை முடியும்வரை ஹாஃப் நட்டைத் திறக்கக் கூடாது. டூலைப் பின்னுக்கு இழுத்து, மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டித்தான் ஆரம்பத்துக்கு வர வேண்டும். சக் மரையில் உட்கார்ந்திருந்தால் மேலே சொன்ன எச்சரிக்கை இங்கே இரட்டிப்பு.

சி.என்.சி.யாக மாற்றலாமா?

பால் ஸ்க்ரூ, சர்வோ, கண்ட்ரோலர் எல்லாம் போட்ட பிறகு மிச்சமிருப்பது தேய்ந்த பெட் மட்டும்தான். கற்றுக்கொள்ள என்றால் செய்யுங்கள். வேலைக்கு என்றால் வேண்டாம்.

அக்கம்பக்கத்தில் சத்தம் என்று சண்டை வராதா?

லேத் சத்தத்தைவிட டிரைவின் கீச் சத்தம்தான் காதைக் குடையும். அதன் கேரியர் ஃபிரீக்வென்சியை 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றினால் அடங்கும், டிரைவ் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், அவ்வளவே. மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை நான் மெஷினைத் தொடுவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை எதிர்வீட்டு கேட்டின் கீலுக்குப் புஷ் கடைந்து கொடுப்பதும் உதவுகிறது. ஆனால் காசு வாங்கி வேலை செய்யத் தொடங்கினால் வீட்டு மின் இணைப்பில் ஓட்டுவது சரியல்ல, அதற்கு வேறு இணைப்பு கேட்க வேண்டும்.

வீட்டில்தானே, லுங்கியோடு ஓட்டலாமா?

கூடாது. லுங்கி, துப்பட்டா, முழுக்கைச் சட்டை, கழுத்துச் செயின், மோதிரம், கையில் கட்டிய கயிறு எதுவும் கூடாது. கையுறையும் கூடாது, இது பலருக்குத் தெரிவதில்லை. வெறும் விரல் பட்டால் காயம், கையுறை மாட்டினால் கையே போகும். சுருளைக் கையால் இழுக்காமல் கொக்கிக் கம்பியால் இழுங்கள். சக்கில் கீ இருக்கும்வரை கை கீயில் இருக்க வேண்டும். பள்ளி லீவில் பிள்ளைகள் ஷெட்டுக்குள் வருவார்கள், மெயின் சுவிட்சுக்குப் பூட்டு போடுங்கள்.

ஆயுத பூஜைக்கு மெஷினை எப்படித் தயார் செய்வது?

சிரிக்காதீர்கள், இது நிஜமாகவே பராமரிப்புக் கேள்வி. வருடத்தில் ஒரு நாள் மெஷினை முழுக்கத் துடைப்பது அன்றைக்குத்தான். அதனால் என் எண்ணெய் மாற்றும் தேதியும் அதுவே. முந்தின நாள் ஹெட்ஸ்டாக் ஆயிலை வடித்துத் தட்டில் பார்ப்பேன். வெண்கலப் பொடி மின்னினால் புஷ்ஷோ நட்டோ தேய்கிறது என்று அர்த்தம். பெல்ட்டுகளை மடக்கி வெடிப்பு பார்ப்பேன். இரண்டு பெல்ட் ஓடும் மெஷினில் ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

சந்தனம், குங்குமம், எலுமிச்சை மூன்றும் ஈரம். முதல் வருடம் பெட்டின் மேலேயே வரிசையாகப் பொட்டு வைத்து, நடுவில் எலுமிச்சையை வெட்டிக் குங்குமம் தடவி வைத்துவிட்டுச் சுண்டல் சாப்பிடப் போய்விட்டோம். மறுநாள் விடுமுறை, யாரும் ஷெட் பக்கம் போகவில்லை. விஜயதசமி முடிந்து துடைத்தால் பொட்டு வைத்த இடமெல்லாம் செம்புள்ளி, எலுமிச்சை இருந்த இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குச் சாம்பல் நிற வட்டம். சக்கிலிருந்து நாலு விரல் தள்ளி, இன்றைக்கும் இருக்கிறது.

இப்போது பெட் முழுக்க எண்ணெய் பூசி, மேலே பழைய தினத்தந்தியை விரித்துவிடுவோம். பொட்டு பெயிண்ட் அடித்த இடத்தில் மட்டும். எலுமிச்சை ஹெட்ஸ்டாக் மேல் பித்தளைத் தட்டில். பூசணிக்காயை கேட்டுக்கு வெளியே உடைக்கச் சொல்லி ஃபிட்டர் ஒவ்வொரு வருடமும் ஞாபகப்படுத்துவார்.